கொல்லைப்புறத்தில் வனில்லாக் கொடி

(மயிலாடுதுறை வட்டார உழவர் கூட்டம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



குறுவையையும் சம்பாவையும் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் ஒரு பூங்கொடியைப் பற்றிப் பேச முன்வந்துள்ளேன். சென்ற திங்கள் இளைஞர் ஒருவர் என் அலுவலகத்திற்கு வந்தார். "ஐயா, தென்னந்தோப்பு முழுவதும் வனில்லா வைக்கப் போகிறேன், கடனுக்கு வழி சொல்லுங்கள்" என்று கேட்டார். அவருக்கு நான் கூறிய விடையையே இங்கு விரித்துரைக்கின்றேன்.

வனில்லா என்பது ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த படர்கொடி. அதன் தாயகம் மெக்சிகோ. அதனை அயல் நாடுகளில் நட்டபோது கொடி செழித்ததே அன்றிக் காய்க்கவில்லை. பூவினுள் மகரந்தத்திற்கும் சூல்முடிக்கும் இடையே மெல்லிய மடல் ஒன்று தடையாக நிற்பதே காரணம். 1841ஆம் ஆண்டில், ரீயூனியன் தீவில் அடிமையாக வாழ்ந்த எட்மண்ட் ஆல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், சிறு குச்சியால் அம்மடலை நீக்கி, விரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்க்கும் எளிய முறையைக் கண்டான். இன்றும் உலகமெங்கும் அம்முறையே கையாளப்படுகின்றது. அச்சிறுவனோ பின்னர் விடுதலை பெற்றும், வறுமையிலேயே மாண்டான்.

நம் பகுதியில் இதனை வளர்க்க இயலுமா? கொடிக்கால் கண்டவர்களுக்கு இது புதிய வேலையன்று. வெற்றிலைக்கு அகத்தி நிழல் தருவது போல, இதற்குக் கல்யாண முருங்கையோ கிளிரிசிடியாவோ தாங்கு மரமாகலாம். பாதி வெயில், பாதி நிழல் வேண்டும். ஆயினும் நமது களிமண்ணும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் இதற்குப் பகை. வேரில் நீர் தேங்கினால் அழுகல் நோய் கொடியையே கொண்டுபோய்விடும். ஆகவே மேட்டுப் பாத்தி அமைத்து, வடிகால் வெட்டி, மக்கிய இலையும் தென்னை மட்டைத் தூளும் இடுதல் வேண்டும். உவர்நீர் உள்ள கடலோர ஊர்களில் இம்முயற்சி வேண்டாம்.

இரண்டு மூன்று அடி நீளமுள்ள கொடித் துண்டின் அடி இலைகளை நீக்கி, சில நாள் நிழலில் வாடவைத்த பின் நடுக. அடிமுனையைப் புதைக்காமல், கணுக்களை மட்டும் மக்கிய இலைகளால் மூடுக. கோடையில் காலையிலும் மாலையிலும் நீர் தெளித்தல் நலம். கொடி ஆள் உயரம் சென்றதும் கிளையின்மேல் வளைத்துக் கீழே தொங்கவிடுக. அவ்வாறு தொங்கும் கொடியே நன்கு பூக்கும்.

பூப்பது மூன்றாம் ஆண்டில். ஒரு குலையில் பதினைந்து இருபது மொட்டுகள் இருப்பினும், ஒவ்வொன்றும் ஒரு நாள் காலையில் மட்டுமே மலர்ந்திருக்கும். நண்பகலுக்குள் தென்னை ஈர்க்கின் நுனியால் மகரந்தம் சேர்க்காவிடில் அது உதிர்ந்துவிடும். குலைக்கு எட்டுப் பத்துப் பூக்கள் போதும். மிகுந்தால் கொடி நலியும். காய் முற்ற ஏறத்தாழ ஒன்பது திங்கள் ஆகும். பச்சைக் காயில் மணமில்லை. வெந்நீரில் மூன்று நிமிடம் நனைத்து, கம்பளியில் சுற்றி வியர்க்கவைத்து, வெயிலிலும் நிழலிலும் உலர்த்தி, பெட்டியில் பல வாரம் வைத்த பின்னரே மணம் பிறக்கும். ஐந்தாறு கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ உலர் காய் கிடைக்கும்.

இனி, கடனைப் பற்றி. 2018இல் கஜா புயல் நம் தென்னைகளை எவ்வாறு வீழ்த்தியது என்பதை அறிவீர்கள். அவ்வாறே 2000ஆம் ஆண்டில் ஹூடா என்னும் புயல், உலகின் பெரும்பகுதி வனில்லாவை விளைவிக்கும் மடகாஸ்கரைத் தாக்கியது. விலை ஏறிற்று. 2003இல் தென்னிந்தியாவில் பச்சைக் காய் கிலோ மூவாயிரம் ரூபாயையும் தாண்டியது. பொள்ளாச்சிப் பக்கத்தில் இருந்த என் தாய்மாமன், மாமியின் நகைகளை அடகு வைத்துக் கொடித் துண்டுகளை வாங்கி நட்டார். அவை பூக்க மூன்றாண்டு ஆயின. அதற்குள் மடகாஸ்கரில் விளைச்சல் மீண்டது. செயற்கை மணப்பொருளும் சந்தையை நிரப்பியது. கிலோ நூறு ரூபாய்க்குக் கூட வாங்குவார் இல்லை. நகைகள் திரும்பவே இல்லை. கொடியில் குற்றமில்லை, விலையைக் கண்டு நட்டதே குற்றம்.

ஆதலின் அவ்விளைஞரிடம், "தம்பி, கடன் வேண்டாம், தோப்பின் ஓர் ஓரத்தில் பத்துக் கொடி வையுங்கள். மூன்றாண்டு மழையையும் வெயிலையும் தாங்குகின்றதா என்று பாருங்கள். காய் வாங்குபவர் யார் என்று அறிந்த பின் பெருக்கலாம்" என்றேன். முகம் வாடித்தான் சென்றார். பத்து நாள் கழித்து வந்து, மேட்டுப் பாத்தியின் அளவைக் கேட்டுக் குறித்துச் சென்றார்.

ஊராட்சி உறுப்பினர்களே, "பெரும் இலாபம்" என்று கூறி நாற்றும் கொடியும் விற்க யார் வந்தாலும், "விளைந்ததை யார், என்ன விலைக்கு வாங்குவர்?" என்று உங்கள் ஊர் மக்களின் சார்பில் முதலில் கேளுங்கள். தாய்மார்களே, கிணற்றடி நிழலில் இரண்டு கொடி வைத்துப் பாருங்கள். காய் கிடைத்தால் பாயசத்திற்கு மணம். கிடைக்காவிடினும் கண்ணுக்கு விருந்து. கடன் ஏதும் இல்லை.