தாத்தா குடியிருந்த வீடு எங்கே? பழைய பதிவுகளில் தேடும் வழி
(கீரப்பாளையம் வட்டாரப் பொதுமக்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இ-சேவை மையத்துக்கு வர்றவங்க சில பேர் இப்படிக் கேக்குறாங்க: "எங்க தாத்தா இந்தப் பக்கத்து ஊர்லதான் இருந்தார். வீடு எந்த இடம்னு தெரியலை. அந்தக் காலத்து சென்சஸ்ல பேரும் வீட்டு நம்பரும் இருக்குமே, எடுத்துத் தர முடியுமா?" வாரிசுச் சிக்கலுக்காகக் கேக்குறவங்களும் உண்டு, பூர்வீகம் தெரிஞ்சுக்கணும்னு வெளிநாட்டிலிருந்து வர்றவங்களும் உண்டு.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். சென்சஸ்ல இருந்து அதை எடுக்க முடியாது. 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், 15-ஆவது பிரிவின்படி, கணக்கெடுப்பில் எழுதப்பட்ட தனிநபர் விவரத்தை யாரும் பார்வையிட முடியாது. சொத்து வழக்கில் சாட்சியமாகவும் காட்ட முடியாது. வீட்டுக்கு வர்ற கணக்கெடுப்பாளர்கிட்ட மக்கள் பயமில்லாம உண்மையைச் சொல்லணும்னா இந்த ரகசியம் வேணும். அமெரிக்காவில் 72 ஆண்டு கழித்து இந்தப் பதிவுகளைத் திறந்துவிடுகிறார்கள்; 1950-ஆம் ஆண்டுக் கணக்கு 2022-இல் வெளியானது. இங்கிலாந்தில் 100 ஆண்டு. 1921-ஆம் ஆண்டுக் கணக்கும் 2022-இல்தான் வந்தது. நம்ம சட்டத்தில் அப்படி ஒரு கெடு இல்லை.

இன்னொன்றும் கவனிக்கணும். சென்சஸ் வீட்டு எண் அந்தந்தக் கணக்கெடுப்புக்காகப் போடுறது. ஊராட்சி வரி ரசீதில் இருக்கிற கதவு எண் வேற.

அப்படின்னா சென்சஸால் பயனே இல்லையா? உண்டு. 1951 முதல் வந்த மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகள் பொதுமக்கள் பார்வைக்கு உரியவை. சென்சஸ் துறையின் இணையதளத்திலும் கிடைக்கும். ஊர்ப் பெயர், எந்த வட்டம், எத்தனை பேர் என்று அதில் இருக்கும். ஒன்று ஞாபகம் வச்சுக்குங்க: 1993-க்கு முந்தைய கையேட்டில் கடலூர் மாவட்டம்னு தேடாதீங்க, தென்னார்க்காடுன்னு தேடுங்க. அதேபோல புவனகிரி தனி வட்டமானது பிற்காலத்தில்தான். அந்தப் பக்கத்து ஊர்களைச் சிதம்பரம் வட்டத்தில் பாருங்க.

ஊர் உறுதியான பிறகு வீட்டுக்கு வருவோம். பின்னோக்கிப் போறதுதான் சரியான வழி. இன்னைக்குக் கையில் இருக்கிற பத்திரம், ரசீது, பட்டாவிலிருந்து தொடங்குங்க.

ஊர்ல வீடுகள் இருக்கிற இடத்துக்கு நத்தம்னு பேரு. ரொம்ப காலம் நத்தம் முழுக்க ஒன்றிரண்டு சர்வே எண்ணுக்குள்ளேயே அடங்கியிருந்தது. தனித்தனி வீட்டுக்கு எண் இல்லை. 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் பணிக்குப் பிறகு, நத்தம் நிலவரித் திட்டத்தில்தான் வீடு வீடாக அளந்து உட்பிரிவு எண் கொடுத்தார்கள். தாத்தா அதற்கு முன்பே காலமாகியிருந்தால், வீடு அப்பா பேர்லயோ பெரியப்பா பேர்லயோ ஏறியிருக்கும். அந்தப் பேர்களையும் சேர்த்துத் தேடணும்.

வீடு கைமாறியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேளுங்க. இணையத்தில் இல்லாத பழைய ஆண்டுகளுக்கு நேரில் மனு போடணும். கிடைக்கிற பத்திரத்தில் நான்கெல்லையை நிதானமாகப் படிங்க. "தெருவுக்கு மேற்கு, இன்னார் வீட்டுக்கு வடக்கு"ன்னு எழுதியிருக்கும். கதவு எண் மாறினாலும் பக்கத்து வீட்டுக்காரர் பேரை ஊர்ப் பெரியவங்க சொல்லிடுவாங்க. அவங்க இருக்கும்போதே போய்க் கேளுங்க.

பத்திரமே இல்லாதவங்க நம்ம பகுதியில் நிறைய. பண்ணையில் வேலை பார்த்து, மிராசுதாரர் நிலத்திலேயே குடிசை போட்டிருந்த குடும்பங்கள். அவங்களுக்காகத்தான் 1971-இல் குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி தாத்தாவுக்கு மனை கிடைத்ததான்னு வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்க. பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவு, பழைய வாக்காளர் பட்டியல் மூன்றும் நிலமில்லாதவர்களுக்கும் உண்டு. அண்மையில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் 2002, 2005 பட்டியலில் பெற்றோர் பேரைத் தேடினோமே, அதில் அக்கம்பக்கத்துப் பேர்களும் இருக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வச்சுக்குங்க.

கப்பலேறிப் போனவர்கள் குடும்பத்துக்கு வேற வழி. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியலில் பேர், அப்பா பேர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவுகள் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஆனால் அவையும் ஊரோடு நின்றுவிடும். தெருவும் வீடும் இருக்காது. அப்படித் தேடி வர்றவங்களை "வீட்டு நம்பர் இல்லையா?"ன்னு திருப்பி அனுப்பாதீங்க. அப்பா பேரை வச்சு ஊர்ல விசாரிக்க உதவுங்க.

பழைய பதிவேடு எந்த அலுவலகத்தில் என்று தெரியாவிட்டால், கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் கேளுங்க. பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு போடலாம். "எல்லா ஆவணமும் வேண்டும்"னு எழுதினால் பதில் வராது. ஊர், பேர், அப்பா பேர், உத்தேச ஆண்டு, பதிவேட்டின் பெயர் இந்த ஐந்தையும் எழுதுங்க.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பதிவுகள் தாத்தா எங்கே இருந்தார்னு சொல்லும். அதை வச்சு மட்டும் இன்னைக்கு அங்கே குடியிருப்பவரைக் காலி பண்ணச் சொல்ல முடியாது. உரிமைக் கேள்வி வந்தால் வழக்கறிஞரைப் பாருங்க.

2027 கணக்கெடுப்பில் உங்க வீட்டுக்கும் வருவாங்க. தயங்காம சரியான விவரம் சொல்லுங்க. ஆனா அந்தப் பதிவு உங்க பேரப்பிள்ளை கைக்கு வராது. அதனால ஒரு நோட்டில் ஊர், தெரு, சர்வே எண், நான்கெல்லை, தாத்தா பாட்டி பேர் எல்லாம் நீங்களே எழுதி, பட்டா நகலோடு சேர்த்து வையுங்க.

சந்தேகம் இருந்தா இப்ப கேக்கலாம்.