ஆற்றுப்படையும் அருவிப் பாதையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



மலையைப் பாடிய கவிஞர்கள் தமிழில் எண்ணற்றோர். மலையில் நடப்பதைப் பாடியோர் மிகச் சிலரே. அச்சிலருள் தலைமை பெற்றவர், பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாத்தை 583 அடிகளில் யாத்த பெருங்கௌசிகனார். நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், அவனை நாடிச் செல்லும் மற்றொரு கூத்தனுக்கு வழி சொல்வதே அந்நூல். அருவியாடும் வானர மகளிரின் ஆரவாரமும் தினை குற்றும் மகளிரின் வள்ளைப் பாட்டும் அதில் ஒலிக்கின்றன. புலி பாய்ந்து புண்பட்ட கணவரின் மார்பை ஆற்றக் கொடிச்சியர் பாடும் பாடலும் அவற்றோடு சேர்ந்தே ஒலிக்கிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, கவண்கல் எத்திசையிலிருந்து வரும், கால் வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பனவும் விடாமல் சொல்லப்படுகின்றன. அழகும் எச்சரிக்கையும் ஒரே வாயிலிருந்து பிறப்பது அந்நூலின் தனிச்சிறப்பு எனலாம்.

இந்தச் சிறப்பு இன்றைய அருவிக் கவிதைகளில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதே இவ்வுரையின் பொருள். அதனை அளந்து பார்க்கக் குற்றாலத்து மலைப்பாதையை விடத் தக்க உரைகல் இல்லை.

குற்றாலம் என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது பேரருவியின் அடியில் திரண்டு நிற்கும் கூட்டம். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் சாலை வழியே சென்றுவிடலாம். சிற்றாற்றின் கரையொட்டி மேலேறும் பாதையோ வேறு வகையினது. பேரருவிப் பக்கத்திலிருந்து சிற்றருவியைக் கடந்து, காட்டினூடே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஏறினால் செண்பகாதேவி அருவி. அங்கே அம்மன் கோயில் உண்டு. சித்ரா பௌர்ணமி விழாவுக்குப் பெயர் பெற்றது. மேலும் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் சென்றால் தேனருவி. பாறை முகட்டில் தேனடைகள் தொங்குவதால் வந்த பெயர் அது. போய்வர ஒரு பகற்பொழுது வேண்டும். கடுமையான ஏற்றமென்று சொல்வதற்கில்லை. எளிதென்று எண்ணிச் செல்வோரை வேர்களும் வழுக்குப் பாறைகளும் திருத்திவிடும். சாரல் காலத்தில் அட்டைகளும் அப்பணியில் பங்கு கொள்ளும். வனத்துறையின் இசைவின்றி அப்பாதையில் கால் வைத்தல் ஆகாது.

அவ்வாறு ஏறுபவர் ஓர் ஆற்றின் கதையைக் கடைசி ஏட்டிலிருந்து முதலேட்டை நோக்கிப் படிக்கிறார். கீழே பேரருவியில் முழக்கமாக விழுகின்ற நீரே, சற்று மேலே தடாகமாகத் தேங்கியும், அதற்கும் மேலே பாறை இடுக்கில் முணுமுணுத்தும் நிற்கிறது. இடைவழியில் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து நிரம்பிப் பொங்கி, அதன் பின்னரே நீர் கீழே இறங்குவதால்தான் பேரருவியின் அடியில் மனிதர் நின்று நீராட முடிகிறது. மலையின் உயரம் முழுவதும் தடையின்றி நீர் விழுமாயின் அந்த வேகத்தைத் தாங்கும் தோள் ஏது? அருவியின் இன்பத்திற்குப் பின்னே அதனைத் தணிக்கும் ஒரு பள்ளம் இருப்பதை, நடந்தவர் அறிவர்; கீழே நின்று நனைந்தவர் எளிதில் அறியார்.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இதனை நன்குணர்ந்தவர். குற்றாலக் குறவஞ்சியில் மலைவளத்தைக் கவிக்கூற்றாக மட்டும் அவர் விட்டுவிடவில்லை. வசந்தவல்லிக்கு அதனை எடுத்துரைக்கும் உரிமையைக் குறத்திக்கு வழங்கினார். மாளிகைப் பெண் மலையைக் கேட்டறிகிறாள். மலையில் நடந்த பெண் சொல்கிறாள். மலைபடுகடாத்திலும் நடந்து மீண்ட கூத்தனே பேசுகிறான். நூற்றாண்டுகள் பல இடைப்பட்டும் மரபு மாறவில்லை: மலையைச் சொல்லும் தகுதி, அதில் கால் தேய்ந்தவர்க்கே உரியது.

இம்மரபு கைவிடப்பட்டால் விளைவது இலக்கியக் குறை மட்டுமன்று. 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் ஒரு பள்ளி மாணவனின் உயிரைக் கொண்டு சென்றது. அருவிக் கரைகளில் இத்தகைய துயரம் நேர்வதன் காரணம் விளங்காத ஒன்றன்று. தென்மேற்குப் பருவக்காற்றாயினும் கோடை மழையாயினும் மேகம் கவிவது மலைமுகட்டில். நீராடுவோர் நிற்பது அடிவாரத்தில். கீழே வெயில் காயும்போதே மேலே மழை கொட்டலாம். நீர் கலங்கிச் செம்மை ஏறுதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், ஓசை கனத்தல் ஆகியவை அதன் முன்னறிகுறிகள். அவை தோன்றியபின் கிடைக்கும் பொழுது மிகச் சிறிது. மலைவாழ் மக்களும் வனக்காவலர்களும் இவ்வறிகுறிகளைப் படிக்கத் தெரிந்தவர்கள். அருவியைப் பாடும் கவிதைகளிலோ வெள்ளிச் சரிகையும் பளிங்குத் திரையும் மீண்டும் மீண்டும் வருகின்றன. கலங்கிய நீரின் நிறம் வருவதே இல்லை. அழகை மட்டும் சொல்லி அழைக்கும் பாட்டு, பாதி வழியைச் சொல்லி ஆளை அனுப்பிய ஆற்றுப்படையாகும்.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். காட்டுவழி கட்டுப்பாட்டில் இருக்க, கவிஞர் எவ்வாறு நடப்பர் என்று கேட்கலாம். பாதையைத் திறந்துவிடுக என்று குரல் எழுப்புவதே கவிஞர் கடமை என்போரும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை 2012இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது அதன் உயிர்ச்செல்வம் கருதியே. தேனடை தொங்கும் பாறைக்கு ஆயிரம் பேர் சென்றால், பெயர் தங்கும், தேனீ தங்காது. செல்ல இசைவு பெற்றவர் சிலராயினும், அவர்கள் கண்டும் கேட்டும் வந்ததைக் குறத்தியைப் போல முழுமையாகச் சொல்வார்களாயின், செல்லாத பலர்க்கும் அது போதும். வசந்தவல்லி மலையேறவில்லை, ஆயினும் மலை அவளிடம் வந்து சேர்ந்தது. இலக்கியம் செய்யத்தக்க பணி அதுவே.

இலக்கிய வட்டங்களுக்கும் குற்றாலத்துக்கும் உள்ள உறவு புதியதன்று. வட்டத்தொட்டி என்னும் சொல்லைத் தமிழர்க்குத் தந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் பிற்கால வாழ்வை அங்கேயே கழித்து 1954இல் மறைந்தார். கவிதையை வாய்விட்டுச் சொல்லிச் செவியால் நுகர வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய நெறி. அச்செவியை மலைக்கும் கொடுத்தால், அருவியின் ஓசை கனப்பதும் ஒரு சொல்லாகக் கேட்கும்.

பத்தாண்டு என்பது ஒரு வட்டத்தின் வாழ்வில் செண்பகாதேவி வரை ஏறியது போன்றது. தேனருவி இன்னும் மேலே இருக்கிறது. அவ்வழியைப் பின்வருவோர்க்குச் சொல்லும்போது, பூவின் நிறத்தோடு பாறையின் வழுக்கலையும் சேர்த்துச் சொல்லும் கவிஞர்கள் இவ்வட்டத்தில் பெருகுக.