பாகூர் வானத்து ஜோடிகள்

1689 டிசம்பரில் நம்ம புதுச்சேரியில் வால்மீன் பார்த்துக்கொண்டிருந்த இயேசு சபைப் பாதிரியார் ரிஷோ, ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, இரண்டு விண்மீன் என்று கண்டார். மே மாத இரவில் பாகூர் ஏரிக்கரையில் நின்று தெற்கே பாருங்க, தாழ்வாகத் தெரியும். அதற்கு மேலே, கொஞ்சம் மேற்கே, மங்கலான பஞ்சுப்பொட்டு ஒண்ணு: ஒமேகா சென்டாரி. சுமார் ஒரு கோடி விண்மீன்கள் திரண்ட கோளக் கொத்து. தூரம் ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு.

இத்தகைய கொத்துகளின் நடுப்பகுதி ஈர்ப்பால் உள்ளே சரியப் பார்க்கும். தடுத்து நிறுத்துவது ஜோடிகள்தான் என்பேன். நெருங்கிச் சுற்றும் ஜோடியிடம் தனி விண்மீன் ஒன்று வந்தால் ஜோடி இன்னும் இறுகும். வந்தது வேகமாகத் தூக்கியெறியப்படும். அந்த வேகம்தான் அடுப்புக்கு விறகு போல.

ரிஷோ கண்ட ஜோடியைப் பிரித்துப் பார்க்கச் சின்ன டெலஸ்கோப்பே போதும். கல்லூரியில் ஒன்று இருந்தால் தூசி தட்டி எடுங்க, தம்பி.