பழங்கருவிகள் மீது ஏன் இந்தக் காதல்?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகச் சொல்லைப் பற்றிப் பேசிவந்த அவை இது. இன்று ஓசையைப் பற்றிச் சிறிது பேச எனக்கு இசைவு தாருங்கள். இசைக் கலைஞர்கள் ஏன் பழைய கருவிகளை விட மறுக்கிறார்கள் என்பது என் கேள்வி. புதுக்கோட்டை மாவட்டத்தில் வாழும் நமக்கு இக்கேள்வி அயலானது அன்று. திருவிழா இரவுகளில் ஆர்மோனியத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எனினும் முதலில் உலக அரங்கைச் சற்றே பார்த்துவிட்டு நம் ஊருக்குத் திரும்புவோம்.

அமெரிக்காவில் லாரன்ஸ் ஹாமண்ட் என்பவர் 1935இல் மின்சார ஆர்கன் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதனுள் பல்சக்கரங்கள் காந்தங்களின் அருகே சுழன்று ஓசைக்கான மின்னலைகளை எழுப்பின. கட்டையை அழுத்தும்போதெல்லாம் ‘டிக்’ என்றொரு சிறு ஒலி கேட்கும். செய்தவர்கள் அதைக் குறை என்று கருதிக் குறைக்க முயன்றார்கள். வாசித்தவர்களோ அந்த ஒலியில் ஒரு தாளத்தைக் கண்டு விரும்பினார்கள். பிற்காலத்தில் ஹாமண்டைப் போலப் பேசும் கணினிக் கருவிகள் வந்தபோது, அந்தக் குறையையும் முயன்று சேர்க்க வேண்டியதாயிற்று.

ராபர்ட் மூக் என்பவரின் நிறுவனம் 1970இல் மினிமூக் என்னும் சிந்தசைசரை வெளியிட்டது. அனலாக் வகையைச் சேர்ந்த கருவி அது. மின்னழுத்தமே அலையாக ஏறி இறங்கி ஓசைக்கு வடிவம் தரும். சூடேறினால் சுருதி மெல்ல நகரும். வாசிப்பவர் அடிக்கடி சரிசெய்துகொள்ள வேண்டும். 1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 வந்தது. எண்களைக் கணக்கிட்டு ஓசை எழுப்பும் டிஜிட்டல் கருவியாதலால் அதன் சுருதி நகராது. பலர் பழைய கருவிகளை வந்த விலைக்கு விற்றார்கள். சில ஆண்டுகளில் அதே பழங்கருவிகளைத் தேடிப்பிடித்துப் பெரும்பொருள் கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள். 2016இல் மூக் நிறுவனமே பழைய மினிமூக்கை மீண்டும் செய்தளித்தது.

இது வெறும் பழமை மோகம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் நம் ஆர்மோனியம்.

ஆர்மோனியம் தமிழ்க் கருவி அன்று. இந்தியக் கருவியும் அன்று. 1840களில் பாரிஸ் நகரில் உருவாகி, கல்கத்தாவில் தரையில் அமர்ந்து வாசிக்கும் கைப்பெட்டியாக மாறி, நாடெங்கும் பரவியது. அதற்கு எதிரான வாதங்கள் வலிமையானவை. அதன் பித்தளை நாக்குகள் குறித்த சுருதியிலேயே ஒலிக்கும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதில் பிறப்பதில்லை. நம் இசையின் நுண் சுருதிகளுக்குப் பன்னிரண்டு கட்டைகள் போதா. தாகூரும் அதை விரும்பவில்லை. அகில இந்திய வானொலி 1940 மார்ச் முதல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1971இல்தான் அத்தடை தளர்ந்தது.

ஆனால் ஒரு வியப்பைக் கவனியுங்கள். நம் பாடகர்கள் தம் குரலின் சுருதியை எவ்வாறு சொல்கிறார்கள்? ஒரு கட்டை, இரண்டு கட்டை, ஐந்து கட்டை என்கிறார்கள். கட்டை என்பது ஆர்மோனியத்தின் மரக்கட்டை. வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணி, இடையே உள்ள கறுப்புக் கட்டையை ஒன்றரை, இரண்டரை என்று வழங்கினார்கள். ஆர்மோனியத்தைத் தம் மேடையில் ஏற்றாத வித்துவான்களும் அதன் அளவுகோலால்தான் தம் குரலை அளந்தார்கள். வானொலி கருவியைத் தடுத்தது. கருவி தந்த சொல்லை எவராலும் தடுக்க இயலவில்லை. சொல்லோடு பழகும் உங்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பெட்டியைத் தமிழாக்கியது நாடக மேடை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த நாடக மரபில் அது பாட்டின் தூணாக நின்றது. காசி ஐயர், காதர் பாட்சா ஆகிய ஆர்மோனியக் கலைஞர்களின் பெயர்கள் அந்த மேடையின் வரலாற்றில் நிலைத்திருக்கின்றன. நம் ஊரில் பிறந்த பி.யு. சின்னப்பா சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, அந்த இசையில் தோய்ந்து, பிறகு திரையுலகுக்குச் சென்றவர்.

ஸ்பெஷல் நாடகத்தின் இயல்பை நீங்கள் அறிவீர்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. ‘வள்ளி திருமணம்’ என்றால் கதை அனைவருக்கும் தெரியும்; அன்றிரவு எந்தப் பாட்டு, எந்தச் சுருதி, தர்க்கம் எவ்வளவு நீளும் என்பது மேடையேறிய பிறகே தெரியும். வள்ளியின் கட்டை வேறு, நாரதரின் கட்டை வேறு. இருவரையும் இணைத்துக் கட்டிக் காப்பவர் ஆர்மோனியக் கலைஞர். நடிகர் மூச்சு வாங்கும் இடைவெளியை அவர் சுரங்களால் நிரப்புவார். அடியை மறந்தால் எடுத்துக்கொடுப்பார். களைத்த குரலுக்குப் பின்பாட்டால் தோள் கொடுப்பார். கால் ஆர்மோனியத்தில் பாதங்கள் துருத்தியை இயக்க, இரு கைகளும் கட்டைகளுக்கு உரியவை ஆகின்றன.

காதலின் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. துருத்திக்கு அளவான காற்றே உண்டு. மிதிப்பதை நிறுத்தினால் ஓசை மெலியும். வேகமாக மிதித்தால் பொங்கும். ஆகவே ஓசையில் வாசிப்பவரின் உடல் இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு அவர் களைத்திருந்தால், அந்தக் களைப்பும் ஓசையில் கேட்கும். கமகம் தர இயலாத கருவி என்பதால், நாடகக் கலைஞர்கள் அதில் உருட்டும் பிருகாவும் விரைந்த சுரக்கோவைகளும் வளர்த்தார்கள். கருவியால் இயலாத ஒன்று வாசிப்பவரிடம் ஒரு புதிய பாணியாயிற்று. மினிமூக்கின் நகரும் சுருதியும் ஹாமண்டின் ‘டிக்’ ஒலியும் அவ்வாறே. தன் சொல்லுக்கு முழுதும் அடங்கிவிடாத கருவியோடுதான் கலைஞன் உரையாட முடிகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். கால் ஆர்மோனியம் கனமானது. அதைப் பேருந்தில் ஏற்றி ஊர் ஊராகச் செல்லும் கலைஞரின் தோள்வலி, பந்தலில் அமர்ந்து கேட்கும் நமக்குத் தெரியாது. கீபோர்டு இலேசானது, ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி மாறிவிடும். பிழைப்புக்காக ஓர் இளைஞர் கீபோர்டை எடுத்தால் அவரைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. மின்கருவியில் உயிர் இல்லை என்பதும் உண்மை அன்று. 1969இல் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கக் கலைஞர் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் கருவியை நிறுவினார். கீதா சாராபாய் முதலானோர் அதில் இசையமைத்தார்கள். அந்த ஒலிநாடாக்கள் பல்லாண்டுகள் மறைந்து கிடந்து, 2023இல் தொகுப்பாக வெளிவந்தன. பம்பாயின் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்டு நிறுவனத்தின் மின்கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை வாசித்துப் பதிவுசெய்தார். அப்போது எவரும் பொருட்படுத்தவில்லை. 2010இல் அது மறுபதிப்பாக வந்தபோது உலகம் வியந்து கேட்டது. அவர் வாசித்த கருவிகளுள் ஒன்றான டிபி-303, பாஸ் கிட்டாருக்கு மாற்றாகச் செய்யப்பட்டது. கிட்டாரைப் போல அது ஒலிக்கவில்லை, விற்பனையில் தோற்றது. பின்னாளில் இளங்கலைஞர்கள் அதன் சொந்தக் குரலுக்காகவே அதை நாடினார்கள்.

ஆகவே அயல்நாட்டுக் கருவி, மின்கருவி என்ற பிரிவினைகள் நமக்கு உதவா. நெடுங்காலம் வாசித்த கைகளே ஒரு கருவியை நம்முடையது ஆக்குகின்றன. அந்தக் கைகள் ஓய்ந்துவிட்டால் என்ன ஆகும்? இதற்கு விடை நம் மாவட்டத்திலேயே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

குடுமியான்மலைக் குடைவரைக் கோயிலின் அருகே, பாறையில், ஏழாம் நூற்றாண்டின் எழுத்தமைதியில் ஓர் இசைக் கல்வெட்டு உள்ளது. ஏழு பண்வகைகளுக்கு உரிய சுரக்கோவைகள் வரிசை வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. மாணவர் நலனுக்காகச் செய்தது என்ற குறிப்பும் அதில் உண்டு. சுரங்கள் இன்றும் கல்லில் இருக்கின்றன. அவற்றை வாசித்த விரல்களின் பழக்கம் இல்லை. எனவே அது எவ்வாறு ஒலித்தது என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். யாழின் கதையும் இதுவே. மறைந்த யாழின் இலக்கணத்தை மீட்டெடுக்க விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் உழைத்தார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறியது. வாசிப்பவரும் செப்பனிடுபவரும் வழிவழியாக இருந்திருந்தால், அந்தப் பேருழைப்பு வேறு பணிக்குப் பயன்பட்டிருக்கும்.

ஆர்மோனியத்துக்கு அந்நிலை இன்னும் வரவில்லை. மேடைகளில் அது ஒலிக்கிறது; இளையராஜாவின் கையில் அது இருப்பதைத் தமிழுலகம் முழுவதும் பார்த்திருக்கிறது. ஆனால் நாக்கைச் சுரண்டிச் சுருதி சேர்க்கவும், துருத்தியின் கிழிசலை ஒட்டவும் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. செப்பனிடுவோர் அற்றுப்போனால், எத்தனை காதல் இருந்தும் பெட்டி ஊமையாகிவிடும்.

எனவே வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வரும் ஆண்டின் மாதக் கூட்டங்களுள் ஒன்றை, நம் மாவட்டத்து ஆர்மோனியக் கலைஞர்களுக்கும் அதைச் செப்பனிடுவோருக்கும் ஒதுக்குவோம். பார்வையாளர்களாக அழைக்காமல், பேசுபவர்களாக அழைப்போம். அவர்கள் தொழிலில் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதிவைப்போம். ‘கட்டை’ என்னும் ஒரு சொல்லை இசையுலகு முழுமைக்கும் தந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் இன்னும் எத்தனை சொற்கள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கவிஞர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். வெண்பாவும் ஒரு பழங்கருவிதான். அதற்கும் இயலாதவை பல. புதுக்கவிதை எழுதுவோர் அதைக் கைவிட்டதில் தவறில்லை. வெண்பா எழுதுவோர் அதைப் பூசிக்க வேண்டியதும் இல்லை. ஆனால் தளை தட்டாமல் ஓர் அடியை முடிக்க முயலும்போது, நாம் எண்ணியிராத ஒரு சொல் வந்து நிற்பதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். துருத்தியை மிதிக்கும் கலைஞருக்கும் அந்த அனுபவம் உண்டு. அவரோடு ஒரு மாலை அமர்ந்து பேசினால், நம் கவிதைக்கும் அதனால் பயன் விளையும்.