மனநல ஆய்வும் நம் குடியிருப்புகளும்



வெள்ளிவிழா மேடையில் கல்வி உதவித்தொகையைப் பற்றிப் பேசுவதே மரபு. நாம் வேறொரு செலவினத்தைப் பற்றிப் பேச விழைகின்றோம்.

வகுப்பில் முதலாவதாக நின்ற பிள்ளை திடீரெனப் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகின்றான். இரவில் உறங்காமல் தனியே பேசுகின்றான். வீட்டார் காற்றுக் கருப்பு என்று கோடாங்கியிடம் அழைத்துச் செல்கின்றனர். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கங்களில் ஆசிரியராயிருந்தோர் இதனை அறிவர். கோடாங்கியிடம் தீராவிடில் ஏர்வாடி. அங்கே 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் விடியற்காலையில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றிக் கருகினர். மாண்டோர் 28 பேர்.

மனக்கோளாறுகளில் பாதி 18 வயதிற்குள் தொடங்கிவிடுகின்றன என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16 இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வோ, நோயின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை எனக் கண்டது.

தொலைவிலுள்ள சிற்றூருக்குச் சிகிச்சையைக் கொண்டுசெல்ல வழியில்லையா? உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984 இல் சென்னையில் தோற்றுவித்த ஸ்கார்ஃப் நிறுவனம், டாட்டா அறக்கட்டளையின் பொருளுதவியால் 2010 இல் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பிற்று. நோயாளர் பேருந்திலேயே அமர்ந்து, திரையில் தோன்றும் சென்னை மருத்துவரிடம் பேசினர். மருந்தும் அப்பேருந்திலேயே இலவசமாகக் கிடைத்தது. இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளை நிதியில் தமிழ்நாட்டிலும் கோவாவிலும் மராட்டியத்திலும் நடந்த மற்றோர் ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்கள் மனச்சிதைவு நோயாளரின் வீடுதேடிச் சென்றனர். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட இவர்கள் ஓரளவே கூடுதலாகத் தேறினர் என்பது 2014 இல் வெளிவந்த முடிவு. பயன் சிறிதுதான், ஆனால் வீட்டுக்குச் சென்றவர் மருத்துவர் அல்லர், பட்டம் பெற்ற நிபுணரும் அல்லர் என்பதை இளைஞர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். அப்பணியை நீங்களும் செய்யலாம்.

எனினும் மருந்தையும் வருகையையும் மட்டும் அளக்கும் ஆய்வு நமக்குப் போதாது. 2023 இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவன் உடன்பயின்றோராலேயே வீடுபுகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, பள்ளிகளில் சாதியுணர்வை ஒழிக்கும் வழிகளை 2024 இல் அறிக்கையாக அளித்தது. வகுப்பறையில் நாள்தோறும் சிறுமைப்படும் பிள்ளையின் உறக்கமின்மைக்குக் காரணம் மூளையில் மட்டுமா இருக்கும்? வினாத்தாளில் அந்தச் சிறுமைக்கும் ஓரிடம் வேண்டும். வினாத்தாளை எழுதுமிடத்தில் நம்மவர் அமர்ந்தாலன்றி அது நடவாது.

படிப்புக்கே பணம் போதவில்லை, இதற்கெங்கே போவது என்று மூத்தோர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஆனால் நாம் உதவித்தொகை அளித்தும் பாதியில் நின்ற பிள்ளைகள் ஏன் நின்றனர் என்று நம் பதிவேடுகளில் ஒரு வரியும் இல்லை. அவர்கள் வீடுகளுக்குச் சென்று கேட்டெழுதுவதற்கு ஆகும் செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே. அக்குறிப்புகளோடு சென்றால், ஆய்வுக்கு நிதி வழங்குவோரிடம் நாம் வெறுங்கையராய் நிற்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் இரு பட்டதாரிகளை மனநலச் சமூகப்பணி பயில அனுப்பவும், அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொணர்கின்றோம்.

அதுவரை காத்திருக்க இயலாத பிள்ளை எவரேனும் இக்கூட்டத்தில் இருப்பின், அரசின் 14416 என்னும் தொலைபேசி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.