கல்லும் ஊர்ப்பெயரும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிறந்த மண்ணைப் பிரிந்து வாழும் நாம், அம்மண்ணின் பழமையை உலகறியச் செய்த நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் பூட் அவர்களை இன்று நினைவுகூர விழைகின்றோம்.

இங்கிலாந்தில் 1834-ஆம் ஆண்டு பிறந்த அவர், 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். பாறைகளை ஆராய்ந்து படம் வரைதலே அவர்க்கு இடப்பட்ட பணி. 1863 மே 30 அன்று, சென்னையை அடுத்த பல்லாவரத்தில், சரளை தோண்டிய குழியில் ஒரு கல்லைக் கண்டார். பிறர்க்கு அது வெறுங்கல். அவரோ, அதன் விளிம்பில் செதுக்கிய தடம் கண்டு, கற்கால மனிதன் ஆக்கிய கருவி அஃது எனத் தெளிந்தார். அவ்வாண்டிலேயே, உடன் பணிபுரிந்த வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகளைக் கண்டறிந்தார். இந்நாட்டில் மனிதனின் தொன்மை எத்துணைப் பழையது என்னும் ஆராய்ச்சிக்கு அன்றே வித்திடப்பட்டது.

1891-இல் ஓய்வு பெற்ற பின்னர்ப் பரோடா, மைசூர் அரசுகளுக்கும் பணியாற்றினார். அலுவலுக்கிடையே பல்லாண்டுகள் அவர் சேர்த்த திரட்டினைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904-இல் பெற்றது. முதுமையிலும் ஓயாது, ஒவ்வொரு பொருளும் எம்மாவட்டத்தில் எவ்வூரில் கிடைத்தது என அவரே பட்டியல் வகுத்தார். 1912-இல் மறைந்தார், பட்டியல் 1914-இலும் அதன் விளக்கக் குறிப்புகள் 1916-இலும் அச்சேறின. ஏற்காட்டில் அவரது கல்லறை உள்ளது.

அன்பர்களே! கல்லைப் பொறுக்குதல் எளிது. ஊர்ப்பெயரைக் குறித்து வைத்தலே அரிது. ஊர்ப்பெயர் இழந்த கல் ஊமையாகிவிடும். அத்திரம்பாக்கம் என்ற பெயர் ஏட்டில் நின்றமையால் அன்றோ, பிற்கால அறிஞர் அங்கு மீண்டும் சென்று அகழ்ந்தனர்! சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் அவ்விடத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என 2011-இல் வெளியிட்டனர்.

நம் இல்லங்களிலும் பாட்டனார் கைப்பட எழுதிய கணக்கேடும், பாட்டியார் தந்த குத்துவிளக்கும் உள்ளன. அவை எவ்வூரின, எவருடையன என்பதை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்க்குப்பின் விளக்கு பழம்பாத்திரக் கடைக்கும், ஏடு பழந்தாள் கடைக்கும் சென்றுவிடும். ஆதலின், ஒவ்வொரு பொருளுக்கும் ஊர், உரியவர், ஆண்டு என மூன்று வரி எழுதி வைப்போம். அக்குறிப்புகளைத் தொகுத்துக் காக்கும் பணியை நம் சங்கம் இவ்வாண்டே மேற்கொள்ளுதல் வேண்டும். ஊர் விட்டு வந்தோம், ஊர்ப்பெயரை விடாதிருப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!