தனி வழியும் வழித்துணையும்



பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர்களின் பிரயாணத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. மும்பையில் மாதுங்காவிலோ, தில்லியில் கரோல் பாகிலோ, கொல்கத்தாவில் ராஷ் பிகாரி சாலையிலோ முப்பது நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவர், ஆண்டுக்கு ஒரு முறையேனும் ரயில் ஏறியிருப்பார். ஆயினும் அந்த ரயில் எப்பொழுதும் ஊருக்கே போயிருக்கும். தம்பியின் கலியாணம், தகப்பனாரின் திதி, குலதெய்வத்துக்குப் பொங்கல், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பாட்டியிடம் கொண்டு போய்க் காட்டுதல் ஆகிய இவற்றுக்கு மேல் விடுப்பும் இடம் கொடுத்ததில்லை. பணமும் இடம் கொடுத்ததில்லை. நாக்பூர் என்றால் ஆரஞ்சுப் பழம் வாங்கும் நிலையம். விஜயவாடா என்றால் கிருஷ்ணா நதியைச் சன்னல் வழியே கண்டு காசு எறியும் பாலம். பாரத தேசத்தின் குறுக்கே ஐம்பது தடவை போய் வந்தவர், இடையில் ஓர் ஊரிலும் இறங்கிப் பாராமலே முதுமையை எய்திவிடுகிறார்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காலம் கையில் இருக்கிறது. சிறிது பணமும் இருக்கிறது. ஆனால் உடன் வருவதற்கு ஆள் இல்லை. ஒருவர் மனைவியை இழந்திருப்பார். ஒருவர் கணவரை இழந்திருப்பார். சிலர் மணமே செய்துகொள்ளாதவர். வாழ்க்கைத் துணை இருந்தும், முழங்கால் வலியினாலோ விருப்பமின்மையினாலோ அவர் உடன் வர இயலாத வீடுகளும் உண்டு. மகனுக்கு விடுப்பில்லை, மகள் கடல் கடந்து இருக்கிறாள். இத்தகையோர் தனியே புறப்பட்டு, முன்பின் அறியாத பத்துப் பன்னிரண்டு பேர் அடங்கிய சிறு குழுவோடு சேர்ந்து ஊர் பார்த்து வருவதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தெரியாதவர்களோடு சேர்ந்து யாத்திரை போவது நமக்குப் புதிய வழக்கமன்று. வழிப்பறியும் காட்டு விலங்கும் நிறைந்திருந்த காலத்தில் காசிக்குப் போனவர்கள் கூட்டமாகவே போனார்கள். சென்னை உயர்நீதி மன்றத்தின் முன்னோடியான சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராஸ்வாமி, 1830 மே மாதம் சென்னையிலிருந்து பெரிய பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பரில் திரும்பி வந்தார். ஏறத்தாழ பதினைந்தரை மாத யாத்திரை அது. அவர் தெலுங்கில் எழுதி வைத்த குறிப்புகள் இன்றும் வரலாற்றாசிரியர்களுக்குப் பயன்படுகின்றன. பிற்காலத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் காசியில் நிறுவிய சத்திரமும், யாத்திரை வந்த தமிழருக்கு ஒரு கூரையும் ஒரு பந்தியும் கொடுத்தது.

மகாராஷ்டிரத்தில் வாழும் நம்மவர் கண்ணாரக் கண்டிருக்கும் பண்டரிபுர யாத்திரை இதற்கு இன்னும் சிறந்த உதாரணம். ஆஷாட ஏகாதசியை ஒட்டி, ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்துகொண்டு, பல லட்சம் பேர் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தூரத்தை மூன்று வாரங்களில் நடந்து கடக்கிறார்கள். அத்தனை பெரிய கூட்டம் சிதறாமல் நடப்பது எப்படி? அது 'திண்டி' என்னும் குழுக்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு திண்டிக்கும் ஓர் எண் உண்டு. பல்லக்குக்கு முன்னே இத்தனையாவது, பின்னே இத்தனையாவது என்று அதற்கு இடம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. சமையலும் கூடாரமும் குழுவுக்கென்று தனியே உண்டு. கிராமத்திலிருந்து துணையின்றி வந்த எழுபது வயது மூதாட்டி தன் திண்டியின் எண்ணை அறிந்திருந்தால் போதும்; லட்சம் பேரிலும் தொலைந்து போக மாட்டாள். வழியில் ஒருவரையொருவர் 'மாவுலி', அதாவது 'தாயே', என்று அழைத்துக்கொள்கிறார்கள். தனக்கென்று ஓர் இடம், நேரத்துக்கு உணவு, மரியாதையான ஒரு விளி ஆகிய மூன்றும் இருந்தால், அறிமுகமில்லாத கூட்டமும் துணையாகிவிடும்.

இக்காலச் சுற்றுலாக்களுக்கு வருவோம். கூட்டம் பெரிதாக இருந்தால் செலவு குறையும். 2022 ஜூன் மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்து சீரடிக்கு முதலாவதாகச் சென்ற பாரத் கௌரவ் ரயில் முதலானவை நூற்றுக்கணக்கானோரை ஒருசேர அழைத்துச் செல்பவை. மாநில அரசுகள் முதியோருக்கென நடத்தும் யாத்திரைகளும் உண்டு. மத்தியப் பிரதேச அரசின் தீர்த்த தரிசனத் திட்டத்தின் முதல் ரயில் 2012 செப்டம்பரில் போபாலிலிருந்து இராமேசுவரத்துக்கே புறப்பட்டது என்பது நமக்கு மகிழ்ச்சியளிக்கும் செய்தி. இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் அந்தந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு உரியவை. ஆதலால், தமிழகத்தின் அறிவிப்பை எதிர்நோக்கியிராமல், நீங்கள் வாழும் மாநிலத்தில் என்ன உண்டு என்று விசாரிப்பதே முறை.

எண்ணிக்கை குறைந்தால் பயன் வேறு. ஐம்பது பேர் உள்ள பேருந்தில் ஒருவர் படியேறச் சிரமப்பட்டால், நாற்பத்தொன்பது பேர் காத்திருக்க வேண்டும். அதை எண்ணியே அவர் கீழே உட்கார்ந்துவிடுவார். பன்னிரண்டு பேர் என்றால் வழிகாட்டிக்கு ஒவ்வொருவருடைய நடையும் தெரியும், மருந்து வேளையும் தெரியும். எல்லோராவில் கைலாசநாதர் குடைவரையை அரை மணியில் பார்த்து முடிக்க வேண்டிய அவசியமுமில்லை.

ஆயினும் தனியே வருபவர் ஒரு செலவை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். சுற்றுலாக் கட்டணம் பெரும்பாலும் ஓர் அறையை இருவர் பகிர்ந்துகொள்வதாக வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாள் ஒன்றுக்கு அறை வாடகை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருவர் தங்கினால் தலைக்கு 1,500. ஒருவரே தங்கினால் முழுவதும் அவருடையது. எட்டு இரவுகளுக்கு 12,000 ரூபாய் அதிகமாகிவிடும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது குறைந்த தொகையே. ஆகையால், "நான் தனியாக வருகிறேன்; எனக்கு மொத்தம் எவ்வளவு?" என்பதே முதற் கேள்வியாக இருக்கட்டும். அறையைப் பகிர்ந்துகொள்ள இசைந்தால், உடன் தங்குபவரோடு புறப்படுமுன் ஒரு தடவை தொலைபேசியில் பேசிவிடுங்கள். விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது, குறட்டை உண்டா என்பன சிறு விஷயங்களாகத் தோன்றும். மூன்றாம் நாள் இரவில் அவை சிறியனவாக இரா.

ரயிலைப் பற்றியும் ஒரு குறிப்பு. முதியோருக்கு வழங்கப்பட்டு வந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. அறுபது வயது நிறைந்த ஆண்களும் நாற்பத்தைந்து வயது நிறைந்த பெண்களும் அதற்கு உரியவர்கள். ஆனால் ஒரு சீட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும். குழுவை நடத்துபவர் வசதியை எண்ணி ஆறு பேருக்கு ஒரே சீட்டாக வாங்கினால், ஆறு முதியோரும் அந்த உரிமையை இழப்பார்கள். இருவர் இருவராகச் சீட்டு வாங்கும்படி சொல்லத் தயங்காதீர்கள்.

இனி உடலைப் பற்றி. பக்தி மேலீட்டால் முதல் யாத்திரையாகவே கேதாரத்துக்குப் புறப்படுவோர் உண்டு. கேதாரநாதம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடைபாதை தொடங்கும் கௌரிகுண்டமோ 2,000 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தூரத்தில் 1,600 மீட்டர் ஏறவேண்டும். மட்டக்குதிரையில் ஏறிப் போகலாம், ஹெலிகாப்டரில் போகலாம் என்பது உண்மையே. ஆனால் காற்று மெலிவது கால்களைப் பொறுத்ததன்று; விரைந்து மேலே போகிறவருக்கே தலைவலியும் மூச்சுத் திணறலும் அதிகம். 3,000 மீட்டருக்கு மேலே, இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் ஏற்றுவதே மருத்துவர் கூறும் நெறி. குழுவின் நாட்குறிப்பில் அதற்கு இடம் இல்லையானால், அந்தக் குழு முதியோருக்கு ஏற்றதன்று. அமரநாத யாத்திரைக்கும், இந்திய அரசு நடத்தும் கைலாச மானசரோவர யாத்திரைக்கும் எழுபது வயது என்று எல்லை வகுத்திருப்பதன் காரணமும் இதுவே.

ஆதலின், முதலில் சமவெளியைத் தேர்ந்தெடுங்கள். காசியும் பிரயாகையும் இருக்கின்றன, புவனேசுவரமும் கோனார்க்கும் பூரியும் இருக்கின்றன, ஹம்பி இருக்கிறது. நான்கு நாட்கள் போய் வந்தால் உங்கள் கால்களின் கணக்கு உங்களுக்கே விளங்கும். மருந்துகளை இரு பங்காக்கி, ஒரு பங்கைக் கைப்பையிலும் மற்றொன்றைப் பெட்டியிலும் வையுங்கள். நோயும் மருந்தின் பெயரும் அளவும் எழுதிய தாள் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். நடத்துபவரிடம் கேட்க வேண்டியவை நான்கு: விடுதியில் மின்தூக்கி உண்டா? கழிப்பறை உட்காரும் வகையா? நாளொன்றுக்கு நடை எவ்வளவு, படி எவ்வளவு? ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் அவரோடு தங்குபவர் யார்? நான்காவது கேள்விக்குத் தெளிவான விடை கொடாதவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

உடலைவிடக் கடினமான தடை ஒன்று வீட்டில் இருக்கிறது. "இந்த வயதில் தனியாகவா? யாராவது என்ன சொல்வார்கள்? எங்களால் அழைத்துப் போக முடியவில்லை என்றல்லவா நினைப்பார்கள்!" என்று பிள்ளைகள் கூறுவர். அதில் அன்பும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது, ஊர்ப்பேச்சைப் பற்றிய கவலையும் இருக்கிறது. விசேஷமாக, கணவரை இழந்த பெண்மணிகள் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் சமையலைக் கவனிப்பதுமாக, வீட்டின் அச்சாணியாக இருக்கிறார்கள். அம்மா பத்து நாள் இல்லையென்றால் வீடு எப்படி நடக்கும் என்னும் கேள்வியே, சில சமயம், "உனக்கு முடியாது, அம்மா" என்னும் பரிவான சொல்லாக வெளிவருகிறது. இதை வெளிப்படையாகப் பேசிவிடுவது நலம். இரண்டு மாதம் முன்னதாகவே நாளைச் சொல்லுங்கள். தங்கும் விடுதிகளின் பட்டியலையும் குழுத் தலைவரின் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு முறை பேசுவதாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதற்கு மேல் அனுமதி கேட்டு நிற்க வேண்டிய அவசியமில்லை. தம் ஓய்வூதியத்தில், தம் கால்களால் போய் வருபவர் எவருக்கும் பாரமாக இருப்பவர் அல்லர்.

வெளிமாநிலத் தமிழருக்கு இதில் ஒரு தனி வாய்ப்பும் இருக்கிறது. மராத்தியோ வங்காளமோ இந்தியோ உங்களுக்குப் பேச வரும். ஆகவே தமிழர் குழுவையே தேட வேண்டியதில்லை. நாசிக்கைச் சேர்ந்த ஓர் ஆசிரியையோடும், பாட்னாவின் ஓர் ஓய்வு பெற்ற தபால்காரரோடும் பத்து நாள் உண்டு உறங்கிப் பழகுவது, அடுக்குமாடியில் பத்து ஆண்டு பக்கத்து வீட்டில் இருந்தாலும் கிட்டாத பழக்கம். தயிர் சாதம் கிடைக்காத நாளில் கிச்சடியும் தயிரும் கிடைக்கும், வயிறு மன்னித்துக்கொள்ளும்.

கூட்டத்தில் பிணக்கும் வரும். சன்னலோர இடத்தை நாளுக்கு ஒருவராக மாற்றிக்கொள்வது, சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னரே வந்து நிற்பது, பொதுச் செலவை அன்றன்றே தீர்த்துவிடுவது ஆகிய மூன்றும் பெரும்பாலான சண்டைகளைத் தடுத்துவிடும். "இன்று மாலை நான் வரவில்லை, அறையில் இருக்கிறேன்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு எப்பொழுதும் உண்டு. துணை வேண்டியபோது துணையும், தனிமை வேண்டியபோது தனிமையும் கிடைப்பதே இவ்வகைப் பிரயாணத்தின் நயம்.

பணம் கொடுத்து ஏமாந்தவர்களும் உண்டு. ரசீதையும், வாக்களித்த ஊர்களின் பட்டியலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நடத்துபவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். நுகர்வோர் உதவிக்குத் தொலைபேசி எண் 1915. முதியோர் உதவிக்கு 14567. ரயில் விஷயங்களுக்கு 139.

உழைக்கும் பருவத்தில் நாம் பிறருக்காகப் பிரயாணம் செய்தோம். அந்தக் கடமைகள் முடிந்த பிறகு எஞ்சியிருப்பது சில ஆண்டுகளே. அவற்றிலும் கால்கள் ஒத்துழைக்கும் ஆண்டுகள் இன்னும் சில. எங்கே போக வேண்டுமென்று நெடுநாளாக மனத்தில் வைத்திருக்கிறீர்களோ, அந்த ஊரின் பெயரை இன்றே ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே ஒரு மாதத்தையும் குறியுங்கள். துணை வழியில் வந்து சேரும்.